"வியர்க்கவே இல்லை டாக்டர்!"

மார்ச் பிறந்தால் லாஸ் வேகஸில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இவர்கள் தவறாமல் வருவார்கள். ஸ்பிரிங் பிரேக் விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பி, டெத் வேலி பாலைவனத்தைச் சுற்றிவிட்டு, பாதி மயக்கத்தில் ஒருவரைத் தாங்கிக்கொண்டு.

இந்த வாரம் ஒரு பாட்டி. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர். டெத் வேலியில் பேட்வாட்டர் என்ற இடத்தில் உப்புத் தரையில் நடந்துவிட்டுக் காரில் ஏறும்போது கண் இருட்டி விழுந்திருக்கிறார். காலைக் காபிக்கு அப்புறம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மகனைக் கேட்டால், "80 டிகிரிகூட இல்லை டாக்டர், அம்மாவுக்கு வியர்க்கவே இல்லை" என்கிறார். (இங்கே ஃபாரன்ஹீட் கணக்கு; 80 என்றால் நம் ஊரில் சுமார் 27.)

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சென்னையில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காயாமல் சட்டையை நனைக்கிறது. பாலைவனக் காற்றில் ஈரம் எங்கே இருக்கிறது? தோலுக்கு வரும் வியர்வை வந்த வேகத்திலேயே ஆவியாகிவிடும். பிசுபிசுப்பு இருக்காது, ஆனால் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். சாயங்காலம் உங்கள் கறுப்புத் தொப்பியின் விளிம்பைப் பாருங்கள், வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருக்கும். உங்களுக்கு "வராத" வியர்வை அதுதான்.

பெரியவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். வழியில் பாத்ரூம் இருக்குமோ இருக்காதோ என்று வேண்டுமென்றே தண்ணீரைத் தவிர்ப்பார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். இந்தப் பாட்டியும் அப்படித்தான். போதாக்குறைக்கு, பிரஷருக்காக நீர் பிரிய மாத்திரை வேறு. தயவுசெய்து "தாகமா இருக்காம்மா?" என்று கேட்காதீர்கள், வயதானால் தாகமே மங்கிவிடும். பாட்டிலைத் திறந்து கையில் கொடுங்கள். பேட்வாட்டரில் கழிப்பறை இருக்கிறது, குடிநீர்தான் கிடையாது.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய நாலு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும். கூடவே உப்புள்ளதாக ஏதாவது சாப்பிடுங்கள், வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாலும் எங்களிடம்தான் வருவீர்கள். இதயம், சிறுநீரகம் பழுதானவர்களும் நீர் மாத்திரை சாப்பிடுபவர்களும் கிளம்பும் முன்பே தங்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தூங்கும் குழந்தையைக் காரில் விட்டுவிட்டு "ரெண்டே நிமிஷம், ஒரு போட்டோ" என்று இறங்காதீர்கள். வெளியே 72 டிகிரி இருக்கும்போதே மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 117 வரை போகும். நம் ஊர்க் கணக்கில் 22-லிருந்து 47. அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. டிக்கியில் வைத்த இன்சுலினும் கெட்டுவிடும்.

டெத் வேலிக்குள் போனால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. மேப்பை முன்பே இறக்கி வையுங்கள், டேங்கை நிரப்புங்கள். வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடக்காதீர்கள், வண்டியோடேயே இருங்கள்.

யாராவது பின்சீட்டில் துவண்டு கிடந்தால் அசதி என்று விட்டுவிடாதீர்கள். இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். பதில் குழறினால் நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 911-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் வருகிற காரைக் கைகாட்டி நிறுத்துங்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.