எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?

துக்கத்தோடு வருபவர்கள் உட்கார்ந்ததும் இறந்தவரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது அபூர்வம். பார்க்கிங் கிடைக்கவில்லை, மழை விடவில்லை, பையனுக்குப் பரீட்சை என்று கொஞ்ச நேரம் வெளியே சுற்றுவார்கள். 2019இல் அந்தச் சுற்றில் புதிதாக ஒரு பேச்சு சேர்ந்துகொண்டது: "நெட்ஃபிளிக்ஸ்ல அந்த ஆஃப்டர் லைஃப் பார்த்தீங்களா?"

நான் லண்டனில் இழப்புத் துயர ஆலோசகராக இருக்கிறேன். கணவனை, மனைவியை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாரம் ஒரு மணி நேரம் வந்து பேசுவார்கள். ஆங்கிலேயர்களும் உண்டு, நம் ஆட்களும் உண்டு. அந்தத் தொடரைப் பற்றி ஒரே மாதிரி அபிப்பிராயத்தை இரண்டு பேரிடம் நான் கேட்டதில்லை. ஒருவருக்கு அது மருந்து, அடுத்தவருக்கு அவமானம். கீழே வருபவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இரண்டு மூன்று பேரை ஒருவராக்கியும் இருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ரிக்கி ஜெர்வைஸ் எழுதி, இயக்கி, நடித்த பிரிட்டிஷ் தொடர். சீசனுக்கு ஆறு எபிசோடு, மூன்று சீசன், மொத்தம் 18. 2019 மார்ச்சில் தொடங்கி 2022 ஜனவரியில் முடிந்தது. டாம்பரி என்ற கற்பனை ஊரில், இலவசமாகக் கொடுக்கும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் நிருபர் டோனி. மனைவி லிசா மார்பகப் புற்றுநோயில் இறந்துவிட்டாள். செத்துவிடலாம் என்று நினைக்கிறான். நாய்க்குச் சாப்பாடு வைக்க ஆளில்லை என்பதால் உயிரோடு இருக்கிறான். எப்படியும் போய்விடப் போகிறோம், அதுவரை யாரிடமும் எதையும் சொல்லலாம், செய்யலாம் என்று முடிவு கட்டி, அதைத் தன் சூப்பர் பவர் என்கிறான். கண்ணில் படுகிறவர்களையெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். ராத்திரி ஒயின் கிளாஸோடு உட்கார்ந்து, லிசா தனக்காகப் பதிவுசெய்து வைத்துவிட்டுப் போன வீடியோவை லேப்டாப்பில் பார்க்கிறான். இதுதான் காமெடி.

விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு காட்சியில் ஆபாச ஜோக், அடுத்த காட்சியில் பியானோ இசையோடு கண்ணீர், இது மனதை வலுக்கட்டாயமாகப் பிழிகிற வேலை என்றார்கள் பலர். பார்வையாளர்களில் பெரும்பகுதியோ தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எனக்கு இந்த இரண்டு அணிகளைவிட மூன்றாவது அணியின் மேல்தான் அக்கறை: ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தியவர்கள்.

அதனால் "பிடித்ததா?" என்று நான் கேட்பதில்லை. "எந்த இடத்தில் நிறுத்தினீங்க?" என்று கேட்பேன். முதல் நாள் நிரப்பித் தரும் கேள்வித்தாளைவிட அந்தப் பதில் எனக்கு அதிகம் சொல்லும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், இங்கே பஸ் ஓட்டுகிறார், மனைவி போய் எட்டு மாதம். அவர் நிறுத்தவே இல்லை. முதல் சீசனை மூன்று ராத்திரியில் பார்த்து முடித்துவிட்டு வந்தார். "மேடம், எட்டு மாசத்துல முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சேன். அப்புறம் அவ போட்டோ பக்கம் திரும்ப முடியலை." சிரித்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வெட்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். சிரித்துவிட்டால் மறந்துவிட்டோம் என்று ஆகிவிடுமோ என்கிற பயம் அது. அவரிடம் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். டேக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் 1997இல் வெளியிட்டது. துணையை இழந்து ஆறு மாதம் போல ஆனவர்களை இறந்தவரைப் பற்றிப் பேசவைத்து, அவர்களுடைய முகத்தைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். பேச்சின் நடுவே கண் சுருங்க உண்மையாகச் சிரித்தவர்களிடம் கோபமும் உளைச்சலும் குறைவாக இருந்தன. மற்றவர்களோடு உறவும் நன்றாக இருந்தது. உதட்டால் மட்டும் சிரித்தவர்களிடம் அது இல்லை. அவர் கேட்டுவிட்டு, "அவளும் இருந்திருந்தா இதுக்குச் சிரிச்சிருப்பா, கெட்ட வார்த்தைக்கு என்னைத்தான் திட்டியிருப்பா" என்றார். கண் சுருங்கியது.

அவரிடம் வேறொன்றும் இருந்தது. மனைவி அனுப்பிய கடைசி வாட்ஸ்அப் குரல் செய்தி. "வரும்போது கொத்தமல்லி ரெண்டு கட்டு வாங்கிட்டு வாங்க, போன தடவை மாதிரி வாடினது வேண்டாம்." பதினோரு விநாடி. தினமும் படுக்கும்முன் கேட்கிறார். டோனியின் லேப்டாப் வீடியோவைப் பார்த்துப் பலர், இவன் இப்படி அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி மீள்வான் என்று எரிச்சல் பட்டார்கள். பழைய பாடம் அப்படித்தான்: 1917இல் ஃபிராய்ட் எழுதியபடி, இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை. 1990களில் இந்தத் துறை அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. உறவு அறுபடத் தேவையில்லை, வேறு வடிவில் தொடரலாம் என்று இப்போது சொல்கிறோம். அந்தப் பதினோரு விநாடியில் எனக்குக் கவலை ஒன்றே ஒன்றுதான்: அவருடைய போன் ஐந்து வருடப் பழசு. வேறு எங்காவது நகல் எடுத்து வையுங்கள் என்று சொன்னேன். இதைப் படிக்கிறவர்களிடம் அப்படிக் குரல் ஏதாவது இருந்தால், இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். போன் கெட்டு அந்தக் குரலும் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை சாவு நடந்த வீடு போல இருக்கும்.

இரண்டாமவர் யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்தைந்து வயதுக்குள். கணவர் மாரடைப்பில் போய், அந்தியேட்டி (முப்பத்தோராம் நாள் சடங்கு) முடிந்த மறுவாரமே வேலைக்குத் திரும்பியவர். இரண்டாவது எபிசோடில் நிறுத்திவிட்டார். கோபம். "அவனுக்கு அழுறதுக்கு நேரம் கிடக்கு அக்கா. வடிவான வீடு, வேலைக்குப் போகாட்டிலும் மச்சான்தான் முதலாளி. நான் காலமை எழும்பிப் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடோணும்."

மேட் என்ற அந்த மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறந்த லிசாவின் சகோதரன், டோனியின் மேலாளர். அவனும் உடன்பிறந்தவளை இழந்தவன். அதைப் பற்றி அந்த அலுவலகத்தில் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, எல்லாரும் டோனியைத்தான் தாங்குகிறார்கள். இறந்தவரின் உடன்பிறந்தவர்களை இப்படித்தான் எல்லா ஊரிலும் மறந்துபோகிறோம். துக்கம் விசாரிக்க வருபவர்கள் "அம்மா எப்படி இருக்காங்க, அண்ணி எப்படி இருக்காங்க" என்று அவர்களிடமே கேட்டுவிட்டுப் போவார்கள். சரி, அது தனிக் கட்டுரை.

அந்தப் பெண்ணின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். பல பெண் பார்வையாளர்கள் வேறு விதத்தில் இதையே சொன்னார்கள்: லிசாவிடம் ஒரு குறைகூட இல்லை, வீடியோவில் சிரிக்கிறாள், புத்தி சொல்கிறாள், அவ்வளவுதான். உண்மையில் புதிதாக இழந்தவர்களின் நினைவில் இறந்தவர் அப்படித்தான் இருப்பார். சண்டை போட்டதும் முகம் கொடுக்காமல் இருந்ததும் திரும்பி வர மாதங்கள் ஆகும். தொடரின் குறை, மூன்று சீசன் ஆகியும் லிசா அங்கேயே நின்றுவிட்டதுதான்.

மூன்றாவது ஆளைப் பற்றி எழுதுவது எனக்குக் கஷ்டம், ஏனென்றால் தவறு என்னுடையது. தொடர் வந்த புதிதில், குழுவாக உட்கார்ந்து பேசும் கூட்டம் ஒன்றில் உற்சாகமாக அதைப் பரிந்துரைத்துவிட்டேன். அந்தக் குழுவில் ஒரு தாய் இருந்தார். மகன் தற்கொலை செய்துகொண்டவன். முதல் எபிசோடில் டோனி சாவைப் பற்றி லேசாகப் பேசும் பேச்சு பத்து நிமிடம்கூட அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். போன் செய்தபோது, "உங்களுக்கு அது ஜோக்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து யாருக்கும் எந்தப் படத்தையும் நானாகப் பரிந்துரைப்பதில்லை. கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுவேன். இந்தத் தொடரில் தற்கொலை எண்ணம் முதலிலிருந்து கடைசிவரை இருக்கிறது. அதைப் படிக்கும்போதே உங்களுக்குள் ஏதாவது அசைந்தால், பிரிட்டனில் 116 123 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ், இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ், இரண்டையும் எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

தொழில்காரியாக எனக்கு இந்தத் தொடர் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு: அதில் வரும் மனநல மருத்துவர். அமர்வின் நடுவே போனைப் பார்க்கிறார், தன் வீரப்பிரதாபங்களைப் பேசுகிறார், ஒருவர் சொன்ன ரகசியத்தை இன்னொருவரிடம் உளறுகிறார். அரங்கம் அதிரச் சிரிக்கலாம், நானும் ஒரு தடவை சிரித்தேன். ஆனால் முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "நான் சொல்றது வெளியே போகாதே?" என்று நாலு தடவை கேட்கிறார்கள். நம் ஆட்களுக்கு இந்தப் பயம் ஏற்கனவே ஜாஸ்தி. கோயிலில் பார்த்தால் வணக்கம் சொல்லக்கூடாது என்று என்னிடம் ஒப்பந்தம் போட்டவர்கள் உண்டு. அந்தக் கதாபாத்திரம் எங்கள் வேலையை ஒரு படி கூடக் கஷ்டமாக்கியது.

இத்தனைக்கும் அதே தொடரில் நல்ல ஆலோசனை நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கல்லறைத் தோட்டத்து பெஞ்சு. கணவனை இழந்த ஆன் என்ற வயதான பெண்மணி, பெனலோப்பி வில்டன் நடித்தது, அங்கே உட்கார்ந்திருப்பார். டோனியும் வந்து பக்கத்தில் உட்காருவான். இருவரும் முகம் பார்த்துப் பேசுவதைவிட, எதிரே இருக்கும் கல்லறைகளைப் பார்த்துப் பேசுவதே அதிகம். அவர் அவசரப்படுத்துவதில்லை. "நேரம் எல்லாத்தையும் ஆத்தும்" என்று சொல்வதில்லை. அவன் கெட்ட வார்த்தைக்கு அதிர்ச்சியடைவதில்லை. தன் கணவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வார். ஆம்பளைகள் என் அறையில் எதிரெதிராக உட்காரத் திணறுவதைப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்து, இருவரும் ஜன்னலைப் பார்ப்பது போலப் போட்டுக்கொண்டேன். யோசனை அந்த பெஞ்சிலிருந்து வந்ததுதான். மூன்றாவது சீசனின்போது நெட்ஃபிளிக்ஸும் காம் (CALM) என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் சேர்ந்து அதே மாதிரி 25 பெஞ்சுகளைப் பிரிட்டனின் பல ஊர்ப் பூங்காக்களுக்குக் கொடுத்தார்கள். நம்பிக்கைதான் எல்லாமே என்ற பொருளில் ஒரு வரி பொறித்திருக்கும். பெஞ்சு நல்லதுதான், பக்கத்தில் உட்கார ஆன் மாதிரி ஓர் ஆளும் வேண்டும்.

இரண்டாவது சீசன் வந்த தேதியை மறக்க முடியாது. 2020 ஏப்ரல் 24. பிரிட்டனில் ஊரடங்கு அறிவித்து ஒரு மாதம். இறுதிச் சடங்குக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்கள்தான் போகலாம். மற்றவர்கள் வெப்கேமில் பார்த்தார்கள். கட்டிப்பிடித்து அழ ஆளில்லாத அந்த வாரங்களில், டோனி அதே தெருவில் நாயோடு நடப்பதும், அதே அலுவலகமும், அப்பாவின் முதியோர் இல்லமும், கல்லறையும், ராத்திரி வீடியோவும் திரும்பத் திரும்ப வந்தன. ஒரே மாவை மறுபடி அரைக்கிறார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். என்னிடம் திரை வழியாகப் பேசிக்கொண்டிருந்தவர்களோ, "எங்க நாளும் அப்படித்தானே இருக்கு" என்றார்கள். ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் சொன்னதை இதைவிட எளிதாக விளக்க முடியாது: துக்கம் படிப்படியாக ஏறிக் கடக்கும் மாடிப்படி இல்லை, ஊஞ்சல். காலையில் இழப்பின் பக்கம், மதியம் மின்கட்டணத்தின் பக்கம், ராத்திரி மறுபடி இழப்பின் பக்கம். டோனி எந்தக் "கட்டத்தில்" இருக்கிறான் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று: அந்தப் புகழ்பெற்ற ஐந்து கட்டங்களை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, சாகப்போகும் நோயாளிகளோடு பேசியதை வைத்து. இழந்தவர்களைப் பற்றியே இல்லை.

அதற்காக டோனி செய்வதெல்லாம் இயல்பு என்று சொல்லமாட்டேன். தினமும் ஒயின் பாட்டிலைக் காலி செய்வதைத் தொடர் செல்லமாகக் காட்டுகிறது. காதலியை இழந்து போதையில் விழுந்த ஜூலியனுக்கு, என்ன ஆகும் என்று தெரிந்தே டோனி பணம் கொடுக்கிறான், அவன் இறந்துவிடுகிறான். அதற்கப்புறம் அந்தப் பெயரைத் தொடர் மறந்தே போகிறது என்று சொல்லலாம். எனக்கு ஆறாத இடம் அதுதான்.

தொடர் முடிந்த அதே 2022 ஜனவரியில்தான், நீடித்த துயரக் கோளாறு என்பதை உள்ளடக்கிய உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதத்தில் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலும் சேர்ந்தது. முன்னது ஆறு மாதம் என்கிறது, பின்னது பெரியவர்களுக்கு ஒரு வருடம். அந்தக் கெடு தாண்டினாலே நோய் என்று அர்த்தமில்லை. ஏக்கம் அன்றாடம் அதே கூர்மையோடு குத்திக்கொண்டிருக்க வேண்டும். சாவை நம்பவே முடியாதது, நான் யார் என்பதே கலைந்துபோவது போன்ற சில அறிகுறிகள் சேர்ந்து, வேலையும் உறவும் நடத்த முடியாமல் இருக்க வேண்டும். திவசத்தன்று அழுவது அதில் சேராது. வருடம் தாண்டியும் அப்படி மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், உங்கள் டாக்டரிடம் "துக்கம்" என்ற வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். தூக்கம் வரவில்லை, அசிடிட்டி என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள்.

கடைசிக் காட்சியைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. ஊர்த் திருவிழாவிலிருந்து டோனி நாயோடு நடந்து போகிறான், லிசா கூட வருகிறாள், ஒவ்வொருவராக மறைகிறார்கள், வெறும் புல்வெளி மிஞ்சுகிறது. அவன் செத்துவிட்டானா? எல்லாரும் ஒருநாள் போகிறவர்கள்தான், வாழ்க்கை நடந்துகொண்டிருக்கும் என்பதுதான் தான் சொல்ல வந்தது என்று ஜெர்வைஸ் விளக்கிவிட்டார். ஆனாலும் மகனை இழந்த அந்தத் தாய் இதை எப்படிப் பார்த்திருப்பார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர் பார்த்திருக்க மாட்டார். வேறு ஆலோசகரிடம் போகிறார் என்று கேள்விப்பட்டேன், நல்லது.

பஸ் ஓட்டுகிறவர் இந்த முறை பாதியில் நிறுத்தியிருந்தார். "லிசா வந்து கூட நடக்கிற வரைக்கும் பார்த்தேன் மேடம். அதுக்கு மேல மறைஞ்சிடுவாங்கன்னு பையன் சொல்லிட்டான். ஆஃப் பண்ணிட்டேன்." அப்புறம் ஞாபகம் வந்தது போல, குரல் செய்தியைப் பையன் போனுக்கும் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பையன் கேட்டுவிட்டு, "வாடின கொத்தமல்லி வாங்கினது நான்தான்பா, நீங்க இல்லை" என்றானாம்.