மழை எந்த வயதில் பொய்த்தது?

செங்குன்றத்தைத் தாண்டி ஒரு செங்கல் சூளைக்குப் பிப்ரவரியில் போயிருந்தேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, காய்ந்துகொண்டிருந்த பச்சைக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒடிசாவின் பலாங்கீர் பக்கம் என்றும், ஊரில் நான்காவது படித்தாள் என்றும் மேஸ்திரி சொன்னார்.

அது வானம் பார்த்த பூமி. நெல் கருகினால் விற்க நகை இருக்காது. சூளைத் தரகர் முன்பணம் கொடுப்பார். அதைக் கழிக்கக் குடும்பமே கிளம்பும். கூலி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. அதனால் பிள்ளையின் கையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மழைக்காலம் முடிந்து வருகிறவர்கள் ஜூன் வாக்கில்தான் திரும்புகிறார்கள். பள்ளி ஆண்டில் பாதி போய்விடும்.

சரி, வறட்சி வந்தாலே படிப்பு கெடுமா? அப்படியும் சொல்ல முடியாது. மனிஷா ஷா, பிரைஸ் ஸ்டைன்பெர்க் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இந்திய கிராமப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் மழை அளவையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2017இல் வந்த அந்த ஆய்வைப் படித்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல மழை பெய்த ஆண்டில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்திருந்தது! யோசித்தால் புரியும். நடவும் களையெடுப்பும் மும்முரமாகிக் கூலி ஏறினால் அம்மா வயலுக்குப் போவாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்பாள். வேலையே இல்லாத ஆண்டில் அவள் பள்ளிக்குப் போவாள். ஆனால் வேலை இருக்கும் இடம் தேடிக் குடும்பமே பெயர்ந்துவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை.

கைக்குழந்தைகளின் கதை வேறு. பிறந்த புதிதில் வறட்சியைச் சந்தித்தவர்கள் பிற்பாடு பள்ளியில் பின்தங்கினார்கள் என்று அதே ஆய்வு சொல்கிறது. கருவிலிருந்து இரண்டு வயதுவரை மூளை வேகமாக வளர்கிறது. அப்போது வீட்டில் தானியம் தீர்ந்தால், அது பல வருடம் கழித்து வகுப்பறையில் தெரியும். இந்தோனேசியாவில், பிறந்த ஆண்டில் வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதல் மழை கண்ட கிராமத்துப் பெண்கள் 0.57 செ.மீ. உயரமாக வளர்ந்தார்கள், சராசரியாக 0.22 வகுப்பு கூடுதலாகப் படித்தார்கள். ஆண்களிடம் இந்த வேறுபாடு இல்லை. பற்றாக்குறை வந்தால் பெண் குழந்தையின் பங்குதான் முதலில் குறைகிறது போலும். எனக்கு ஆற மாட்டாத விஷயம் இது.

இழந்ததை மீட்கவும் வழி இருக்கிறது. ஆந்திரத்தில் வறட்சி தாக்கிய வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவைப் பள்ளி மதிய உணவு ஈடுகட்டியதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. 1982இலிருந்து சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடியாவிலேயே பாடம் நடத்தும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன.

அந்தச் சிறுமியின் தம்பிக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. கொட்டகை மூங்கிலில் கட்டிய தூளியில் தூங்கினான். ஒரு வரிசை கல்லைப் புரட்டி முடித்ததும் அவள் ஓடிவந்து தூளியை ஆட்டிவிட்டுப் போவாள். அவனுக்கு அங்கன்வாடி சத்துமாவு வருகிறதா என்று கேட்டேன். பெயர் ஊரில்தான் பதிந்திருக்கிறது, இங்கே வாங்கவில்லை என்றார் அம்மா.