மல்டிகேம் எடிட்டிங்: உடனிகழ் படத்தொகுப்பு

ஒரே நிகழ்ச்சியை ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்களில் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, தனியே பதிவான ஓர் ஒலித்தடத்தின் மீது அந்தப் படங்களையெல்லாம் அடுக்கி, எந்த நொடியில் எந்தக் கேமராவின் படம் திரையில் தெரிய வேண்டும் என்று தெரிவு செய்துகொண்டே போகும் வேலைக்கு மல்டிகேம் எடிட்டிங் என்று பெயர். கச்சேரி, கல்யாணம், பட்டிமன்றம் என்று மறுபடி நடத்தச் சொல்ல முடியாத நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் இந்த முறைதான் கைகொடுக்கிறது.

‘மல்டி’ என்பது ‘பல’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘கேமரா’வுக்கு இலத்தீனில் வளைந்த கூரையுடைய அறை என்று பொருள், இருட்டறையின் சுவரில் சிறு துளையிட்டு, வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுவதைப் பார்த்த காலத்தில் அந்த அறைக்கு வழங்கிய பெயரே பின்னர் பெட்டிக்கும் கருவிக்கும் ஆகிவந்தது. ‘எடிட்’ என்பதற்கு மூலமான இலத்தீன் வினை ‘வெளியே கொடுத்தல்’ என்னும் பொருளுடையது. நாம் அதற்கு நேராக வழங்கும் ‘தொகுப்பு’ சேர்ப்பதைச் சுட்டுகிறது. திரைத்துறையில் ‘படத்தொகுப்பு’ நன்றாக வேரூன்றிவிட்டதால் அதை மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் முதற்பாதியில்தான் இருக்கிறது. ‘பல்கோணத் தொகுப்பு’ என்றால் கணக்குப் பாடத்துப் பலகோணம் குறுக்கே வந்து நிற்கிறது. ‘பல்நோக்கு’ என்பதை மருத்துவமனையும் கூட்டுறவுச் சங்கமும் வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘பல்படக்கருவித் தொகுப்பு’ பிழையற்ற சொல்தான் என்றாலும், படித்தவுடன் பல கருவிகளைச் சேர்த்து வைப்பதாகவே தோன்றுகிறது. அதைவிடப் பெரிய குறை, அது கருவிகளை எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. வழக்கமான திரைப்படத்தையும் பல கேமராக்களில் எடுக்கலாம்; அங்கே ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு வேளையில் எடுத்ததாக இருக்கலாம். இங்கே எல்லாப் படங்களும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை என்பதே உயிரான செய்தி.

இந்த முறை பெயர்பெற்ற வரலாறும் அதையே சொல்கிறது. 1951இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரை, கார்ல் ஃபிராய்ண்ட் என்னும் ஒளிப்பதிவாளர், பார்வையாளர்கள் எதிரே அமர்ந்திருக்க, மூன்று 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக்களில் ஒரே நேரத்தில் படமாக்கினார். அதைத் தொகுக்க, மூன்று படச்சுருள்களும் ஓர் ஒலிச்சுருளும் இணைந்து ஓடும் மூவியோலா இயந்திரம் பயன்பட்டது. இன்றைய மென்பொருள்களில் படங்களையும் ஒலியையும் கால வரிசையில் அடுக்கிக் காட்டும் டைம்லைனில் நாம் காண்பதும் அதே அமைப்புத்தான்.

இதற்கான சொல் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் துணிபு. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களாக நன்னூல் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்ற மூன்றையும் சொல்கிறது. ‘மூன்று கேமராவால் எடுத்தது’ என்பது கருவிப் பொருள். ‘பாட்டோடு மூன்று கேமராவும் ஓடின’ என்பது உடனிகழ்வுப் பொருள். மொழிபெயர்த்தவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள். வேலையின் இயல்பு இரண்டாவதில் இருக்கிறது. எனவே மல்டிகேம் எடிட்டிங்கை ‘உடனிகழ் படத்தொகுப்பு’ என்று வழங்கலாம். இது ‘ஊறுகாய்’ போன்ற வினைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது.

இதனோடு பிரியாமல் வரும் ‘சிங்க்’ என்பது, ‘உடன்’, ‘காலம்’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டில் பிறந்த நெடுஞ்சொல்லின் குறுக்கம். அதற்கு ‘ஒத்திசைவு’ என்பது கைப்பேசி வரைக்கும் பரவிவிட்ட நல்ல சொல். நாதஸ்வரத்துக்கு விடாமல் சுருதி கொடுக்கும் துணைக்குழலுக்கு ‘ஒத்து’ என்று பெயர் இருப்பதை நினைத்தால் அதன் பொருத்தம் இன்னும் துலங்கும். ஒத்திசைக்கப் படப்பிடிப்பில் கிளாப் அடிப்பார்கள். கல்யாண வீடியோவில் கெட்டிமேளமே கிளாப் ஆகிவிடுகிறது, ஏனென்றால் எல்லாக் கேமராக்களின் ஒலி அலையிலும் அது ஒரே இடத்தில் மலைபோல் எழுந்து நிற்கும்.

ஆனால் அலையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்கிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் பின்னால் நிற்கும் கேமராவின் மைக்குக்கு மிருதங்கச் சொல் பத்தில் ஒரு நொடி தாமதமாகவே போய்ச் சேரும். நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படங்கள், என்றால் அது இரண்டரை ஃபிரேம். அந்த ஒலியை, மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து வந்த ஒலித்தடத்தோடு பொருத்தினால் அலைகள் அச்சாக ஒன்றிவிடும். படம் மட்டும் முந்திக்கொள்ளும். தனி ஆவர்த்தனத்தில் விரல் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையைத் தொட்ட பிறகே ‘தீம்’ கேட்கும். அந்தக் கேமராவின் படத்தை மட்டும் இரண்டு அல்லது மூன்று ஃபிரேம் பின்னுக்குத் தள்ளினால் கையும் ஒலியும் சேரும்.

தொழிலில் ‘டிரிஃப்ட்’ என்று சொல்லும் விலகல் வேறு வகை. ஒவ்வொரு கருவியும் தன்னுள் இருக்கும் கடிகாரத்தை நம்பியே ஓடுகிறது. இரண்டு கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தால், கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் வர்ணத்தில் ஒத்துப்போன படம் இரண்டு மணி நேரம் கழித்து முடிவில் பாடும் மங்களத்தில் மூன்றரை ஃபிரேமுக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கும். அப்போது ஒலித்தடத்தை இழுத்து நீட்டுவது பெரும் பிழை. படத்தை ஆங்காங்கே வெட்டி ஓரிரு ஃபிரேம் நகர்த்துவதே முறை. ‘ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே’ என்கிறது தொல்காப்பியம்: அரசரோடு இளையர் வந்தார் என்பதுபோல், உடன் நிகழும் இரண்டில் உயர்ந்ததன் பெயரோடுதான் ‘ஒடு’ சேரும். இந்தத் தொகுப்பில் அந்த ‘ஒடு’ ஒலித்தடத்துக்கு உரியது.