பம்பை அழுத்தியாயிற்று, மருந்து எங்கே போனது?

டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்துமா மருந்து சரிதான், அதை மூச்சோடு இழுக்கும் பம்பும் (இன்ஹேலர்) கையில் இருக்கிறது, தினமும் தவறாமல் அடிக்கவும் செய்கிறார். ஆனாலும் விடிகாலை 4 மணிக்கு நெஞ்சில் விசில் கேட்கிறது. இப்படி இருப்பவர்களுக்கு மருந்தின் அளவைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியது, அழுத்திய மருந்து எங்கே போகிறது என்பதைத்தான். ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) இல்லாமல் பம்பை ஒழுங்காக இழுத்தாலும் நுரையீரலைப் போய்ச் சேர்வது சுமார் 10 முதல் 20 சதவீதம். மிச்சம் நாக்கிலும் தொண்டையின் பின்சுவரிலும் ஒட்டி, எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். இழுக்கும் விதம் தவறினால் அந்தக் கொஞ்சமும் போய்ச் சேராது.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் அழற்சியால் வீங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள தசை, தூசியோ புகையோ சளிக்காய்ச்சலோ பட்டவுடன் இறுகுகிறது. போதாததற்குக் கெட்டிச் சளி வேறு அடைக்கிறது. குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் காற்று போவதற்கான தடை 16 மடங்கு ஆகிவிடும். சற்றே சுருங்கினாலும் மூச்சு முட்டுவதும், மருந்தால் சற்றே விரிந்தாலும் பெரிய நிம்மதி கிடைப்பதும் இதனால்தான். மூச்சை இழுக்கும்போது நெஞ்சோடு சேர்ந்து குழாய்களும் கொஞ்சம் விரிகின்றன, விடும்போது குறுகுகின்றன. எனவே சிரமம் வெளிமூச்சில்தான் அதிகம். பழைய காற்று முழுதும் வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கும். இரவு பின்னேரத்தில் உடலில் இயற்கையாகச் சுரந்து அழற்சியைத் தணிக்கும் கார்டிசால் குறைந்திருக்கும், மூச்சுக்குழாய்களும் அந்நேரத்தில் சற்று ஒடுங்கியிருக்கும். விடிகாலை இளைப்பு வருவது அதனால்தான்.

இதற்கு மருந்து இரண்டு வகை. சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும். பெரும்பாலும் நீல நிறப் பம்பில் வரும். 5 நிமிடத்தில் வேலை தெரியும், 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது பியூடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள். இவற்றின் பலன் தெரிய நாள்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அடித்தவுடன் எதுவும் தெரியாது என்பதால்தான் இதைப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நீலப் பம்பு உடனே சுகம் தருவதால் அதையே நம்பி இருந்துவிடுகிறார்கள். உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே போகும், ஒருநாள் நீலப் பம்பும் கைகொடுக்காது. உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு, 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019-ல் சொன்னதற்குக் காரணம் இதுதான். இப்போது பியூடெசோனைடும் ஃபார்மோடெராலும் கலந்த ஒரே பம்பையே தினசரிக்கும் அவசரத்துக்கும் பயன்படுத்தும்படி பலருக்கு எழுதுகிறார்கள். ஃபார்மோடெரால் சால்பியூட்டமாலைப் போலவே சீக்கிரம் வேலை செய்யும், 12 மணி நேரம் நிற்கும்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்கள் அளவைப் பார்க்க வேண்டும். பம்பில் ஓர் அழுத்தில் வருவது பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். பம்பை நிறுத்திவிட்டு, இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் தருகிற ப்ரெட்னிசோலோன் மாத்திரை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம், அதுவும் உடல் முழுக்கப் போகும். இரண்டும் வேறு வேறு மருந்துகள் என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் எது பெரிய சுமை என்பதில் சந்தேகமே இல்லை. பம்பு பழக்கமாகிவிடும் என்பதும் தவறான பயம். நிறுத்தினால் இளைப்பு திரும்புவது, நோய் இன்னும் அங்கேயே இருப்பதால்.

இனி பம்புக்கு வருவோம். ஒவ்வோர் அழுத்துக்கும் ஒரே அளவு மருந்து தரும் இந்த வகைப் பம்பு அமெரிக்காவில் 1956-ல் விற்பனைக்கு வந்தது. உள்ளே இருக்கும் உலோகக் குப்பியில் மருந்துத் துகள்கள், திரவமாக அழுத்தி வைத்த வாயுவில் மிதக்கின்றன. குலுக்காமல் விட்டால் மருந்து ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், முதல் அழுத்தில் வருவது கூடலாம், குறையலாம். குப்பியின் வாயில் ஒரு குட்டி வால்வு அறை இருக்கிறது. அழுத்தும்போது அந்த அறையில் இருப்பது மட்டும் வெளியேறும், விட்டதும் அறை மறுபடி நிறையும். புதுப் பம்பையோ பல நாள் தொடாத பம்பையோ முதலில் சில தடவை காற்றில் அடித்துப் பார்க்கச் சொல்வது, இந்த அறை சரியாக நிறைவதற்காக. எத்தனை தடவை என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும்.

வெளியே வரும் புகைமண்டலம் மிக வேகமானது. 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுத் துகள்கள்தான் சிறு குழாய்கள் வரை போகும். பெரியவை வேகத்தில் நேராகப் போய்த் தொண்டையில் மோதி நின்றுவிடும். ஆகவே மூச்சை மெதுவாக இழுக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், சட்டென்று உறிஞ்சுகிறார்கள். மூடியைக் கழற்றி, உள்ளே ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுதும் வெளியே விட்டுவிட்டு, உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கிய பிறகே அழுத்த வேண்டும். அழுத்திவிட்டு இழுத்தால் மருந்து வாயோடு நின்றுவிடும். இழுப்பு 4, 5 விநாடி நீடிக்கட்டும். தொண்டையில் சில்லென்று படும்போது சிலர் திடுக்கிட்டு இழுப்பை நிறுத்திவிடுவார்கள், அந்த மருந்து வீண். பிறகு 10 விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும், துகள்கள் குழாய்ச் சுவரில் படிய அந்த நேரம் தேவை. இரண்டாவது அழுத்துக்கு அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்க வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு அடிப்பதில் பயன் இல்லை. ஸ்டீராய்டுப் பம்பு என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். துப்பாமல் விட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரலாம், குரல் கம்மலாம்.

இவ்வளவும் கைவராதவர்களுக்கு, அதிலும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும், ஸ்பேசர் கட்டாயம் வேண்டும். புகை முதலில் அந்தக் குழாய்க்குள் வேகம் தணிகிறது, பெரிய துகள்கள் அதிலேயே ஒட்டிக்கொள்கின்றன. ஓர் அழுத்து, பிறகு சாதாரணமாக 5, 6 மூச்சு, போதும். குழந்தைகளின் முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். அழும் குழந்தைக்கு அடித்தால் மருந்து சரியாக உள்ளே போகாது. ஸ்பேசரை மாதம் ஒரு முறை பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்து, துடைக்காமல் அப்படியே உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

ஸ்பேசர் வாங்க வழியில்லாத இடத்தில் 500 மில்லி குளிர்பான பாட்டில் உதவும். பாட்டிலின் அடியில் பம்பின் வாய்ப்பகுதி அளவுக்கு ஓட்டை போட்டு, பம்பைச் செருகி, சுற்றிலும் பசையால் காற்றுப் புகாமல் அடைத்து, பாட்டில் வாய் வழியாக மூச்சிழுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஹெதர் ஸார் குழுவினர் இதை ஆஸ்துமாக் குழந்தைகளிடம் சோதித்து, கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்கிறது என்று 1999-ல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் (மருந்தைப் புகையாக்கித் தரும் இயந்திரம்) வைத்தால்தான் கேட்கும் என்ற நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். மிதமான இளைப்புக்கு ஸ்பேசரோடு பம்பு அடிப்பதே நெபுலைசருக்கு ஈடான பலன் தருகிறது.

காப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பொடிக் கருவிக்கு விதி தலைகீழ். அதில் தள்ளும் வாயு கிடையாது, பொடியைக் கிளப்புவதே நமது மூச்சு. எனவே வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பம்பும் பொடியும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி இழுத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். கருவிக்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். கடலோர ஊர்களின் புழுக்கத்துக்குக் காப்ஸ்யூல் டப்பாவை இறுக மூடி வைப்பது அவசியம். காப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு, மருந்து தரும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பம்பு தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் புஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும். எண்ணிக்கை காட்டும் பம்பை வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் கணக்குப் போட வேண்டும்: 120 அழுத்துப் பம்பில் காலை 2, இரவு 2 என்றால் 30 நாள். தொடங்கிய தேதியைப் பம்பின் மேலேயே எழுதிவிடலாம். நீலப் பம்பு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டாலோ, வருடத்தில் 200 அழுத்துப் பம்பு மூன்று தீர்ந்தாலோ ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

வீட்டில் கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையை நிறுத்துவது, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 55-60 டிகிரி செல்சியஸ் சூட்டு நீரில் துவைப்பது எல்லாம் உதவும், போகி அன்று ஜன்னலை மூடி வைப்பதும்தான். சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளே இளைப்பைக் கிளப்பும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூட ஆபத்தாகலாம். கண் டாக்டரிடம் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

திடீரென்று முற்றினால் ஆஸ்திரேலியாவில் பொதுமக்களுக்குச் சொல்லித்தரும் 4-4-4 முறை எளிது. ஆளை நிமிர்ந்து உட்காரவைத்து, நீலப் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 தடவை அழுத்த வேண்டும், ஒவ்வோர் அழுத்துக்கும் 4 மூச்சு. பிறகு 4 நிமிடம் பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, அசதியில் கண் சொருகுகிறது என்றால் அந்த 4 நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. முதலில் 108, பம்பும் கூடவே. கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் நின்றும் ஆள் திணறிக்கொண்டிருந்தால் குணமாகிறது என்று நினைத்துவிட வேண்டாம். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று ஓடவில்லை என்று அர்த்தம்.