பாட்டைத் தலைகீழாக ஓடவிட்டால் பேசுவது யார்?

'விகடகவி'யைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான் என்று பள்ளியில் படித்திருப்போம். அது கண்ணுக்கு மட்டும்தான். செல்போனில் அந்தச் சொல்லைப் பதிவு செய்து பின்னோக்கி ஓடவிட்டுப் பாருங்கள், 'இவகடகிவ்' என்று ஏதோ வரும். எழுத்தைத் திருப்பும்போது 'வி' முழுசாக இடம் மாறுகிறது. ஒலியைத் திருப்பும்போது 'வி'யே 'இவ்' ஆகிவிடுகிறது. 'ஆமா'வைத் திருப்பினால் மட்டும் கிட்டத்தட்ட ஆமாவேதான்.

ஆங்கில ராக் பாடல்களில் சாத்தானின் செய்தி ஒளிந்திருக்கிறது என்று 1980-களில் அமெரிக்கா அலறியதற்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1982-ல் கலிபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்று, லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடலைப் பின்னோக்கி ஓடவிட்டே கேட்டது. சாத்தானைப் புகழும் வரி அதில் இருக்கிறதாம்.

சிக்கல் என்னவென்றால், கேட்டால் நிஜமாகவே ஏதோ கேட்கும். திருப்பினாலும் ஆ, ஈ போன்ற உயிரொலிகள் அதிகம் கெடுவதில்லை. ம, ஸ போன்றவையும் தப்பிவிடும். அடிபடுவது க, ட, ப போன்ற வல்லினம்தான். 'ப' சட்டென்று வெடித்து அடங்கும் ஒலி. திருப்பினால் மெல்ல வீங்கி வந்து பட்டென்று அறுந்துபோகும். ஆக, மிஞ்சுவது அரைகுறைப் பேச்சு. மூளைக்கு அது போதும். சந்தை இரைச்சலில் காதில் விழாமல் போன சொற்களை ஊகித்து நிரப்புவது அதன் தினசரி வேலை. 'இந்த இடத்தில் சாத்தான் என்று வரும், கேள்' என்று யாராவது சொல்லிவிட்டால் ஊகம் அந்தப் பக்கமே சாயும். அப்புறம் அது கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

சரி, யாரும் எதுவும் சொல்லாவிட்டால்? கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் வோக்கியும் ரீடும் இதைச் சோதித்து 1985-ல் வெளியிட்டார்கள். பின்னோக்கி ஓடும் பேச்சைக் கேட்டவர்களால் குரல் ஆணா பெண்ணா என்று சொல்ல முடிந்தது. கேள்வியா சாதாரண வாக்கியமா என்பதே பிடிபடவில்லை. குழந்தைப் பாட்டா, விளம்பரமா, சாத்தான் சமாச்சாரமா என்று பிரிக்கச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மாதிரிதான் பதில்கள். பிறகு ஆய்வாளர்களே சில சொற்றொடர்களைக் கொடுத்து 'இது வருகிறதா பாருங்கள்' என்றார்கள், பெரும்பாலோருக்கு வந்துவிட்டது! அப்படிக் கேட்கவைத்த பதிவுகளில் ஒன்று பைபிளின் 23-ஆம் சங்கீதம் என்பதுதான் வேடிக்கை.

1990-ல் அமெரிக்காவின் நெவாடா மாநில ரீனோ நகரில், இரண்டு இளைஞர்களின் தற்கொலை முயற்சி தொடர்பாக ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ராக் குழு மீது ஒரு துயரமான வழக்கு நடந்தது. ஒரு பாட்டுக்குள் 'செய்' என்ற கட்டளை ஒளிந்திருப்பதாகக் குற்றச்சாட்டு. பாடகர் மூச்சு விடும் சத்தமும் கிதார் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்ததே அது என்று நீதிபதி முடிவு செய்தார். பாடகர் ராப் ஹால்ஃபர்ட் தங்கள் பாடல்களைத் தானே திருப்பிப் போட்டுத் தேடியதில் 'அம்மா, என் நாற்காலி உடைஞ்சிடுச்சு' என்கிற மாதிரி வரிகள் கிடைத்தனவாம்.

வேண்டுமென்றே ஒளித்தவர்களும் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவினர் 1979-ல் ஒரு பாட்டில் பேச்சைத் திருப்பிச் சேர்த்தார்கள். அதை நேராக்கினால், 'வாழ்த்துகள், ரகசியச் செய்தியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்' என்று யாரும் சொல்லித்தராமலே தெளிவாகக் கேட்கிறது.