இம்ப்ரொவைசேஷன்: 'மேம்படுத்தல்' எங்கிருந்து வந்தது?

ஜாஸ் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இம்ப்ரொவைசேஷனை, அதாவது வாசிக்கும்போதே அந்த நிமிடத்தில் இசையைக் கட்டுவதை, 'மேம்படுத்தல்' என்று போடுவதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கடைசியாகக் கண்ணில் பட்டது விஜய் ஐயரைப் பற்றி, 'தன் குடும்ப மரபை மேம்படுத்தி வாசிக்கும் பியானோ கலைஞர்' என்று. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் ஆல்பனியில் பிறந்தவர், பிரசன்னாவின் கிட்டாரையும் நிதின் மிட்டாவின் தபலாவையும் சேர்த்துக்கொண்டு 2011இல் 'தீர்த்தா' ஆல்பம் கொடுத்தவர். அந்த மரபில் என்ன ஓட்டை கண்டு அவர் மேம்படுத்தக் கிளம்பினாராம்?

சொல்லின் கதை சின்னது. லத்தீனில் 'இம்ப்ரோவீசுஸ்' என்றால் முன்கூட்டிப் பார்க்காதது, எதிர்பாராதது. இத்தாலியன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மேம்படுத்துவதைக் குறிக்கும் 'இம்ப்ரூவ்' வேறு குடும்பம், பழைய பிரெஞ்சில் லாபத்தைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. எழுத்து ஒத்துப்போகிறதே என்று இரண்டையும் சம்பந்தி ஆக்கிவிட்டார்கள்.

சரி, 'முன்தயாரிப்பின்றி வாசித்தல்'? லத்தீனுக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் படிக்காமல் பரீட்சைக்குப் போன பையன் மாதிரி ஒலிக்கிறது. ஜாஸ் கலைஞருக்குப் பாட்டின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை அத்துப்படி, அது சுற்றிச் சுற்றி வர, அதன் மேல் அந்த நிமிடத்தில் தோன்றும் மெட்டைக் கட்டுகிறார். கர்நாடகக் கச்சேரியில் பாட்டின் ஒரு வரியை எடுத்து விரித்துப் பாடும் நிரவலில் நடப்பதும் இதற்குப் பக்கம்தான்: வரி அதே, தாளத்தில் சொற்கள் விழும் இடம் அதே, சங்கதி, அதாவது மெட்டின் போக்கு, மட்டும் ஒவ்வொரு முறையும் புதுசு. இதற்கு நம் சபாக்களில் 'மனோதர்மம்' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. முன்பே அமைத்த கீர்த்தனை 'கல்பிதம்', மேடையில் பிறக்கும் ஆலாபனையும் கல்பனாஸ்வரமும் 'மனோதர்மம்'. ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா 2008இல் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தோடு 'கின்ஸ்மென்' ஆல்பம் செய்தாரே, அந்த இரண்டு சாக்ஸபோன்களுக்கும் இந்த ஒரு சொல் போதும்.

'அது வடசொல்லாச்சே, கற்பனை இசை என்று எழுதலாமே' என்பார்கள். ஐயா, கற்பனையும் அங்கிருந்து வந்ததுதான்! அதோடு, வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதிய பாட்டும் கற்பனைதானே, அப்புறம் வேறுபாடு எங்கே? தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் 'இட்டுக்கட்டுதல்' இருக்கிறது. வடசென்னையில் சாவு வீட்டில் கானாக்காரர் செத்தவர் பெயரை வைத்து அங்கேயே பாட்டுக் கட்டுகிறாரே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பொய் சொல்வதையும் அதே சொல் குறிப்பதால் செய்தியில் போடப் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை, ஆனாலும் பியானோவுக்கு மனோதர்மம்தான் என் ஓட்டு, அதைச் சொன்னால் மயிலாப்பூர் ரசிகருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

மொழிபெயர்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அகராதியில் முதலில் வருவதை, அல்லது இயந்திரம் துப்புவதை, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கக் கூடாதா? மனோதர்மமும் வேண்டாம், இட்டுக்கட்டுவதும் வேண்டாம் என்றால் பேசாமல் இம்ப்ரொவைசேஷன் என்றே எழுதிவிட்டுப் போங்கள், தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டாவது தெரிந்துகொள்வார். 'மேம்படுத்தல்' என்று படித்தவர் யாரையும் கேட்கப் போவதில்லை.