ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை

ஆந்திராவின் நகரி, புத்தூர்ப் பக்கம் வயதான பெண்களிடம் பேசினால் இப்படி ஒரு கதை கிடைக்கும்: ஒரு தாய்க்கு ஆண் பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தன, ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தன, பிறகு சளி, காய்ச்சல், பேதி என்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. பறவையின் நிழல் பட்ட பட்சிதோஷம் என்றார்கள். பெற்றவளை ராசியில்லாதவள் என்றார்கள். எவ்வளவு பெரிய கொடுமை!

பிறவியிலேயே வரும் நோய் எதிர்ப்புக் குறைபாடாக இது இருக்கலாம். அந்த ஆறு மாதக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கின்றன. அது கைமாற்று, சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதற்குள் இந்தப் புரதங்களைத் தரும் வெள்ளை அணுக்களான பி செல்கள் குழந்தையின் உடலில் சொந்தமாக உற்பத்தியைத் தொடங்க வேண்டும். சில ஆண் குழந்தைகளுக்கு அந்த பி செல்களே முதிர்வதில்லை. 1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், நிமோனியா திரும்பத் திரும்ப வந்த 8 வயதுச் சிறுவனின் ரத்தத்தில் காமா குளோபுலின், அதாவது எதிர்ப்புப் புரதங்கள், இல்லாததைக் கண்டார். பழுதான மரபணு 1993இல் அடையாளம் காணப்பட்டது.

அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய்க்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்றின் பழுதை மற்றது ஈடுகட்டிவிடும். மகனுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த வகைக்குச் சொந்தத்தில் மணம் முடித்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டுமே உண்டாகும் வேறு வகைகள்தான் மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்களில் கூடுதலாகத் தென்படுகின்றன.

புரூட்டன் கண்ட நோய்க்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்த ரத்தத் திரவத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். அதைக்கொண்டு பிள்ளை பள்ளிக்குப் போகலாம், வேலைக்கும் போகலாம்.

எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளை அணுக்களான டி செல்களும் இல்லாத கடும் வகை இதைவிடப் பொல்லாதது. நாக்கில் ஆறாத வெள்ளைப் படலம், நிற்காத பேதி, ஏறாத எடை என்று பிறந்த சில மாதங்களிலேயே தெரியவரும். காசநோய்க்கு எதிராகப் பிறந்ததும் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியில் வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி இருக்கிறது. மற்றக் குழந்தைகளுக்கு அது காவல். தவறாமல் போட வேண்டும். இந்தக் குழந்தைக்கோ அதே கிருமி உடலெங்கும் பரவிவிடும். ஆகவே தாய்வழியிலோ தந்தைவழியிலோ கைக்குழந்தைகள் இப்படி இறந்திருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிருமி தொற்றுவதற்கு முன், முதல் சில மாதங்களிலேயே எலும்பு மஜ்ஜை மாற்றினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986 முதல் நடக்கிறது.